ஒரு சக்கரம் மட்டும் சுத்தம்

அத்தியாயம் 7

“இந்தக் காரோட சேஸிஸ் முழுக்க என்னோட டிசைனுங்க மேடம்” என்று ரித்விக் சொன்னபோது புவனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தாள். பால் வெள்ளை. பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறைத் தரையை மிதிக்கிற யாருடைய ஷூவும் அந்த நிறத்தில் ஒரு வாரம் தாங்காது.

“அப்படிங்களா தம்பி? ரொம்பச் சந்தோசமுங்க” என்றாள்.

பக்கத்தில் நின்ற அவளுடைய உதவியாளன் மனோஜ்குமார் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பைத் துடைத்துக்கொண்டான். ஒருவர் மேல் இளக்காரம் ஏற ஏற, புவனாவின் பேச்சில் ‘ங்க’வும் ஏறிக்கொண்டே போகும். அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

பட்டறையின் நடுவில் தார்ப்பாயை விலக்கிக் காட்டியிருந்தார்கள். பெயர் ‘வெஞ்சினம்’. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரித்விக்கின் அப்பா லட்சுமணசாமி பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் பவுண்டரி முதலாளி. மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, கோயம்புத்தூர் மண்ணின் சூப்பர் கார் என்று இதை ஊரெல்லாம் விளம்பரம் செய்தான். ஆடி மாதத்தில் வெள்ளகோவில் பக்கம் ஒரு தனியார் விமான ஓடுதளத்தில் பந்தல் போட்டு, முதலீடு செய்யக்கூடிய பெரிய மனிதர்களை உட்காரவைத்து, காரை ஓட்டிக் காட்டச் சொன்னான்.

ஓட்டியவள் பிரீத்திகா. பந்தயங்களில் கார் ஓட்டும் பெண். நேர்ப்பாதையின் கடைசியில் அவள் பிரேக்கை மிதித்ததும் கார் வலப்பக்கம் வெட்டித் திரும்பிச் சுழன்று, இடது விலா முழுக்க டயர் அடுக்கிய சுவரில் போய் மோதியது. சுவருக்குப் பின்னால் கொடி பிடித்து நின்ற செங்கோட்டையனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. பிரீத்திகாவுக்கு வலது கால் முறிந்தது. அது போதாதென்று, அஜாக்கிரதையாக ஓட்டி ஒருவரைப் படுக்கவைத்ததாக அவள்மேல் வழக்கு. அவளுடைய வக்கீல் வாங்கிக் கொடுத்த அனுமதியோடுதான் புவனா இன்று காரைப் பார்க்க வந்திருந்தாள்.

“எக்ஸ்பர்ட் ரிப்போர்ட் இருக்குங்க மேடம். பிரேக் பக்கா, சஸ்பென்ஷன் பக்கா” என்றான் ரித்விக். “ஆடிக் காத்துல ஓட்டத் தெரியாம பயந்துட்டாங்க. லேடி டிரைவர் வேண்டாம்னு நான் அப்பவே நெனச்சேன்.”

“நெனச்சுப்போட்டும் ஓட்டச் சொல்லியிருக்கறீங்களே தம்பி.”

“வீடியோவுக்கு நல்லாயிருக்கும்னு...”

மனோஜ் சக்கரத்தின் உட்பக்கம் எட்டிப் பார்த்தான். “ஏனுங்க, இந்தக் கம்பி ரெண்டும் முக்கோணமா மேலயும் கீழயும் இருக்குதே, இது எதுக்குங்க?”

“டபுள் விஷ்போன். அது பர்ஃபார்மன்ஸுக்கு.”

“எந்த பர்ஃபார்மன்ஸுங்க? டான்ஸா, பாட்டா?”

ரித்விக் போனை எடுத்துப் பார்த்தான். சற்றுத் தள்ளி நின்ற தலைமை இன்ஜினியர் திருமலைசாமி வாயைத் திறந்து, முதலாளி மகனைப் பார்த்து, மூடிக்கொண்டார். காரை வடிவமைத்தவர் யார் என்று புவனாவுக்கு அந்த ஒரு வாய் போதுமாயிருந்தது.

“அது சக்கரத்தப் புடிச்சிருக்கற ரெண்டு கை, மனோஜு” என்று அவளே சொன்னாள். “வண்டி சாஞ்சாலும் குதிச்சாலும் டயரு தரையில முழுசாப் பதிஞ்சே இருக்கோணும். இதுல ஒரு போல்ட்டு கழண்டிருந்தாலும் வண்டி இஷ்டத்துக்குத் திரும்பிரும். அதத்தான் மொதல்ல பாக்கோணும்.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பல வருஷம் நசுங்கிய வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவள். இடது பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. வலது பக்கம் முழுசாக இருந்தது. போல்ட்டுகளின் தலையில் தொழிற்சாலையில் இட்ட மஞ்சள் பெயின்ட் கோடு கலையவில்லை. பிரேக் ஆயில் ஓடும் குழாய்களில் கசிவில்லை. சஸ்பென்ஷனில் யாரும் கைவைக்கவில்லை.

எழப் போனவள் மறுபடி குனிந்தாள்.

பின்சக்கரம் இரண்டிலும் வெள்ளகோவில் செம்மண், கருகிய ரப்பர்த் துணுக்கு, காய்ந்த கோரைப்புல். நசுங்கிய இடது முன்சக்கரத்திலும் அதே. வலது முன்சக்கரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்குள் தெரிந்த பிரேக் டிஸ்க், ஒரு கீறல்கூட இல்லாமல், இப்போதுதான் பெட்டியைப் பிரித்து எடுத்த மாதிரி சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

“ஏனுங்க தம்பி, நாலு சக்கரமும் ஒரே விபத்துக்குத்தானுங்களே போச்சு?”

“மூணு பேரு விபத்துக்குப் போயிருக்காங்க அக்கா” என்றான் மனோஜ். “ஒருத்தரு மட்டும் பியூட்டி பார்லருக்குப் போயிட்டு வந்திருக்காரு.”

“இன்ஸ்பெக்ஷனுக்காகத் தொடச்சிருப்பாங்க” என்றான் ரித்விக். திருமலைசாமி கூரையில் சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார்.

“இது என்ன டிஸ்க்குங்க?”

இதற்கு மட்டும் ரித்விக்குக்குப் பதில் தெரிந்திருந்தது. விளம்பரப் புத்தகத்தில் இருக்கிற பதில். “கார்பன் செராமிக், மேடம். வெளிய நிக்குதே என்னோட மஞ்சள் கார், அதே கம்பெனி பிரேக்குதான். அளவுகூட ஒண்ணுதான். என் கார்ல இருக்கறது இரும்பு டிஸ்க். இது அதுல பாதி வெயிட்டு. எவ்வளவு சூடானாலும் தாங்கும், துருவே பிடிக்காது.”

“துருவே பிடிக்காதுங்களா? நல்லதுங்க தம்பி. ரொம்ப நல்லதுங்க.”

வெளியே வந்ததும் மனோஜ் கேட்டான்: “ரெண்டு ரொம்ப, ரெண்டு நல்லது. அவ்வளவு கோவமா அக்கா?”

“கோவமெல்லாம் இல்ல. இவன் பொய் சொல்றதுக்குக்கூட லாயக்கில்லாத ஆளு. வேற யாரோ செஞ்சிருக்காங்க. இந்த ஷூவைப் போட்டுட்டு இவனால ஒரு நட்டு கழட்ட முடியாது.”

அப்படித்தான் அவள் அன்றைக்கு மதியம் நம்பினாள்.

* * *

அவினாசி ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரியில் பிரீத்திகா முதல் மாடியில் கிடந்தாள். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தறிகெட்ட வேகத்தில் கார் ஓட்டுகிறவள் என்று சொன்னால் யாரும் நம்பாத அளவுக்குச் சன்னமான குரல். கட்டுப் போட்ட வலது காலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“பெடல் கெட்டியாத்தான் இருந்துச்சுங்கக்கா. பிரேக்கு புடிக்கலைன்னு நான் சொல்லவே இல்ல. மிதிச்சதும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து யாரோ புடுங்குன மாதிரி வலது பக்கம் இழுத்துருச்சு.”

“அதுக்கு முன்னால இழுத்துச்சா, அம்மணி?”

“மொதல்ல மெதுவா ஒரு தடவை மிதிச்சப்போ லேசா இழுத்துச்சு. காத்துன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு அப்படிக் காத்து.” “ஒருவேளை என் காலுதான் கோணலாப் பட்டுருச்சோ என்னவோ. படுத்துக்கிட்டே அதத்தான் நெனச்சுட்டு இருக்கறேன். மேல மாடியில செங்கோட்டையண்ணன் கெடக்கறாரு. அவரு சம்சாரம் பழனாத்தாக்கா ராத்திரியும் பகலும் அங்கயே உக்காந்திருக்காங்களாம். சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போறேன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?”

“முந்தின நாளு ஓட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. அச்சடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. அதுக்கப்பறம் ரித்விக் சார் ரீல் எடுக்கோணும்னு போட்டோக்காரரைக் கூட்டிட்டு வந்தாரு. நான் ஊட்டுக்குக் கெளம்பிட்டேன்.”

முந்தின நாள் நேராக நின்ற கார், மறுநாள் வலப்பக்கம் இழுத்திருக்கிறது. இடையில் நடந்தது ஒரு ரீல்.

“மனோஜு, வண்டிய எடு” என்றாள் புவனா.

* * *

போட்டோக்காரர் சரவணனின் ஸ்டூடியோவில் கல்யாண ஜோடிகள் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரவணன் மட்டும் சிரிக்கவில்லை. வக்கீலின் பெயரைச் சொன்னதும், டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போய்வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்.

“ரித்விக் சார் தானே சக்கரத்தக் கழட்டி மாட்டற மாதிரி ஒரு ஷாட்டு கேட்டாருங்க. பின்னால தீப்பொறி எல்லாம் சேத்துக் குடுத்தேன்.”

“தீப்பொறியில்லாத ஒரிஜினலக் காட்டுங்க சாமி.”

திரையில் ரித்விக் கறுப்புச் சட்டையில் வந்து, கேமராவைப் பார்க்காத மாதிரி கேமராவைப் பார்த்தபடி, வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். நட்டுகளை முன்கூட்டியே யாரோ தளர்த்தி வைத்திருந்தார்கள். கழற்றிய சக்கரத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு முறைப்பு முறைத்தான். பிறகு திருப்பி மாட்டப் போனான். சக்கரம் கனம். கை நழுவியது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். சக்கரத்தின் விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் இடித்தது. கண்ணாடிச் சில்லுபோல ஏதோ ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. படத்தின் மூலையில் நின்ற திருமலைசாமி இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

“சார், டயலாக் மறந்துட்டீங்க” என்று சரவணனின் குரல் கேட்டது. ரித்விக் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். “ஒன் மோர்” என்றான்.

“நடிப்பு நல்லா வந்திருக்குதுங்க” என்றான் மனோஜ். “டிஸ்க்குதான் கொஞ்சம் ஓவராப் பண்ணிருச்சு.”

“கார்பன் செராமிக் சூடு தாங்கும், இடி தாங்காது” என்றாள் புவனா. “ஓரம் ஒடஞ்சா அந்த டிஸ்க்கத் தூக்கிப் போட்டரோணும். புதுசு வெளிநாட்டுல இருந்துதான் வரோணும். பந்தல் போட்டாச்சு, விடிஞ்சா விருந்தாளி வர்றாங்க. அடுத்த நாளு காலையில எடுத்த படத்தக் காட்டுங்க.”

கார் கழுவிய ஈரம் காயாமல் பந்தல் முன்னால் நின்றது. மாலை, குங்குமம், எலுமிச்சம்பழம், எல்லாம் முறையாக. புவனா வலது முன்சக்கரத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். ஆரங்களுக்கு நடுவே டிஸ்க் தெரிந்தது. அதன்மேல் மெல்லிசாக, பாலாடை படிந்ததுபோல் ஓர் ஆரஞ்சு நிறம். பின்சக்கரத்து டிஸ்க்கில் அது இல்லை. அது வெறும் சாம்பல்.

“குங்குமங்களா?” என்றார் சரவணன்.

“துரு” என்றாள் புவனா. “இரும்பு டிஸ்க்கு தண்ணி பட்டா அரை மணி நேரத்துல இப்படிப் பூத்துரும். ஒரு தடவை பிரேக்கு புடிச்சா போயிரும், அதனால யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா செராமிக்குல துருவே பிடிக்காதுன்னு அந்த மகராசனே என்கிட்டச் சொன்னானே.”

மனோஜின் முகத்திலிருந்து கிண்டல் முதல்முறையாக இறங்கியது. “அப்படின்னா மூணு சக்கரத்துல செராமிக்கு, ஒண்ணுல மட்டும் இரும்பா? அத மாட்டியா ஓட்டச் சொன்னாங்க?”

“அந்த ரகச் செராமிக்கு சூடேறுற வரைக்கும் சோம்பேறி, மெதுவாத்தான் புடிக்கும். இரும்பு சூடேறாதப்பவே கடிச்சுரும். அந்தப் புள்ள வேகமா வந்து அழுத்தி மிதிச்சப்போ வலது சக்கரம் நின்னுருச்சு, இடது சக்கரம் ஓடிட்டே இருந்துச்சு. வண்டி எந்தப் பக்கம் போகும்?”

“அந்தியூர் சந்தையில குதிரைக்குக்கூட நாலு காலுக்கும் ஒரே லாடந்தான் அடிப்பாங்க அக்கா.”

“குதிரை வாங்கறவனுக்குக் கொஞ்சமாச்சும் விவரம் இருக்கும். இங்க பந்தல்ல உக்காந்திருந்தவங்க குங்குமத்தையும் எலுமிச்சம்பழத்தையும் பாத்துட்டு ஆகா ஓகோன்னு கை தட்டியிருக்காங்க. அந்த எக்ஸ்பர்ட்டு புது டிஸ்க்கு மாட்டினதுக்கு அப்பறம் வந்து நாலையும் பாத்துட்டு பக்கான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான். கண்ணுன்னு ஒண்ணு இருந்தா ஒரு சக்கரம் மட்டும் குளிச்சிருக்கறது தெரியாதா?”

ஆனால் படம் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். செம்மண் ஒட்டியிருந்தது, வெளிச்சம் பட்டது என்று எதிர்க்கட்சி வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். அந்த இரும்பு டிஸ்க் வேண்டும்.

“கெடைக்குமா?” என்றான் மனோஜ். “அவங்க பவுண்டரிக்காரங்க. ஒரு இரும்புத் துண்டு தொலையறதுக்கு அதவிட நல்ல எடம் இந்த ஜில்லாவுலயே இல்ல. இந்நேரம் அது பம்பாகி யாரோட தோட்டத்துலயோ தண்ணி எறைச்சிட்டு இருக்கும்.”

புவனாவின் போன் அடித்தது. ரித்விக்.

“மேடம், உண்மை தெரிஞ்சுபோச்சுங்க. அப்பாவும் இருக்காரு. ரேஸ்கோர்ஸ் ரோட்டுல இருக்கற எங்க பங்களாவுக்கு வர முடியுங்களா?”

புவனா சரவணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வந்ததுமே டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போய்வந்தவர். டீ மட்டும் இன்னும் வரவில்லை. அவர் கல்யாண ஜோடி ஒன்றின் சட்டத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

* * *

பங்களாவின் கூடத்தில் லட்சுமணசாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் எதிரில் திருமலைசாமி நின்றார். ரித்விக் ஜன்னலோரம் சாய்ந்து, செய்தி கேட்டு மனம் உடைந்தவனுடைய முகத்தை வைத்திருந்தான். ரீலில் பார்த்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது.

“சொல்லுங்க திருமலைசாமி” என்றார் பெரியவர்.

“நான்தானுங்க செஞ்சேன்.” இன்ஜினியர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னார். “டிஸ்க்கு ஒடஞ்சுபோச்சு. நிகழ்ச்சி நின்னுரக் கூடாதுன்னு இரும்பு டிஸ்க்கும் அதக் கவ்விப் புடிக்கற பேடும் மாட்டுனேன். தம்பிக்குத் தெரியாதுங்க. விபத்துக்கு அப்பறம் புது செராமிக்கு வந்ததும் மாத்திப்போட்டேன். இரும்பை பர்னஸ்ல போட்டு உருக்கிட்டேனுங்க.”

“எவ்வளவு நம்பியிருந்தோம்” என்றான் ரித்விக், யாரையும் பார்க்காமல்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இடித்த சத்தத்தின் அர்த்தம் முதலாளி மகனுக்குத் தெரிந்திருக்காது; தெரிந்த இன்ஜினியர் பயத்தில் மறைத்துவிட்டார். மதியம் புவனா நினைத்ததும் இதையேதான். தான் நினைத்த கதையையே தன் கையில் மடித்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

“அந்த இரும்பு டிஸ்க்கு எங்க வாங்குனீங்க சார்?”

“உக்கடத்துல. பழைய இரும்புக் கடையிலங்க.”

“சாயங்காலம் ஒடஞ்சது. விடியறதுக்குள்ள உக்கடத்துல அந்தக் கம்பெனி டிஸ்க்கு, அதே அளவுல, அதே ஓட்டையோட, பேடும் சேத்துக் கெடச்சுதுங்களா?”

திருமலைசாமியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. “ஆமாங்க” என்றார். சொல்லும்போது அவர் கண் ஒரு கணம் வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

புவனா எழுந்தாள். வாசலுக்கு நடந்தாள். போர்டிகோவில் எலுமிச்சை மஞ்சளில் ரித்விக்கின் வெளிநாட்டுக் கார் நின்றது. சாயங்கால வெயில் சரிவாக அதன் சக்கரங்களில் விழுந்திருந்தது. அவள் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். பிறகு சுற்றிப் போய் இடது சக்கரத்தைப் பார்த்தாள். திரும்பி வலது பக்கமே வந்தாள்.

“ஐயா, கொஞ்சம் வெளிய வாரீங்களா?”

லட்சுமணசாமி வந்தார். பின்னால் மற்றவர்களும்.

“பவுண்டரி நடத்தறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லைங்க. இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகி ஆறினா என்ன நிறம் வருமுங்க?”

பெரியவர் குனிந்து பார்த்தார். இடது டிஸ்க் வெள்ளி மாதிரி இருந்தது. வலது டிஸ்க்கின் மேல் மயில் கழுத்துபோல நீலமும் ஊதாவும் வளையம் வளையமாக ஓடியிருந்தன. நடுவில் மயிரிழை விரிசல்கள். அவர் நிமிரவில்லை.

“நீலம்” என்றார்.

“அவினாசி ரோட்டு டிராஃபிக்குல ஊர்ந்து போற வண்டிக்கு ஒரே ஒரு டிஸ்க்கு மட்டும் எப்படிங்க தம்பி நீலமாகும்?” புவனா ரித்விக்கின் பக்கம் திரும்பினாள். “உக்கடமும் இல்ல, பர்னஸும் இல்ல. உங்க வண்டியில இருந்து கழட்டி அதுல மாட்டி, வேலை முடிஞ்சதும் திருப்பி உங்க வண்டியிலயே மாட்டிக்கிட்டீங்க. அளவு ஒண்ணுதான்னு நீங்களே பெருமையாச் சொன்னீங்களே.”

“உருக்கியிருக்கலாமுங்க” என்றான் மனோஜ். “ஆனா சாருக்கு அதுக்கப்பறமும் ஊர் சுத்த வண்டி வேணுமே. மூணு டிஸ்க்குல ஓட்டறதுக்கு அது ஆட்டோ இல்லைங்க.”

ரித்விக் சட்டென்று இன்ஜினியரின் பக்கம் கைநீட்டினான். “இவரு எனக்குத் தெரியாம என் காரைத் தொட்டிருக்காரு, அப்பா. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. டிஸ்க்குன்னா என்னன்னே...”

புவனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் விஷ்போன் தெரியாதவன்போல் நின்றானே, அது நடிப்பில்லை, உண்மையிலேயே தெரியாது. ஆனால் ஒன்றும் தெரியாதவனை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாருடைய இளக்காரத்துக்கும் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான். அவளுடைய இளக்காரத்துக்குப் பின்னாலும்தான்.

லட்சுமணசாமி மெல்ல நிமிர்ந்தார். “இந்த வண்டிச் சாவிய நீ எனக்கே குடுத்ததில்ல” என்றார்.

வீட்டில் அவர்கள் தெலுங்குதான் பேசுவார்கள். வாசலில் நிற்கிற எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, பெரியவர் அடுத்த கேள்வியையும் தமிழிலேயே கேட்டார்.

“அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?”

“அப்பா, இன்வெஸ்டர்ஸ் எல்லாம்...”

“ஒரு சக்கரத்துல மட்டும் வேற டிஸ்க்கு மாட்டியிருக்கறோம், பாத்து ஓட்டுன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னா ஓட்டியிருக்க மாட்டாங்கப்பா” என்றான் ரித்விக்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது போலிருந்தது. மனோஜ் போனில் பதிவு செய்துகொண்டிருந்ததை யாரும் தடுக்கவில்லை.

“நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். மாத்துனா ரெண்டு பக்கமும் மாத்தோணும்னேன், ஒடஞ்சது ஒண்ணுதானேன்னாருங்க” என்று திருமலைசாமி உடைந்த குரலில் ஆரம்பித்தார். “என்னோட ஊடு கம்பெனி குவார்ட்டர்ஸுங்க. பையனும் இங்கதான் வேலை பாக்கறான். தம்பி சொன்னாரு, நீங்க ஒத்துக்கிட்டா எல்லாத்தையும் பாத்துக்கறேன்னு...”

“வேண்டாம்னு சொன்ன வாய் உங்களுதுங்க சார். ஸ்பேனர் புடிச்ச கையும் உங்களுதுதானுங்க” என்றாள் புவனா. “படிச்சவரு. அந்த வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு அந்த ஓடுதளத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். அத வெச்சுட்டுப் பந்தல்ல நின்னு வேடிக்கை பாத்திருக்கறீங்க. தம்பிக்கு விவரம் பத்தாது. உங்களுக்கு என்ன கேடு?”

அவர் தரையைப் பார்த்தார்.

லட்சுமணசாமி மகனிடம் கையை நீட்டினார். ரித்விக் சாவியை எடுத்துக் கொடுக்கும்வரை அப்படியே நீட்டியபடி இருந்தார். அதை வாங்கிப் புவனாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“இன்ஸ்பெக்டருக்கு நானே பேசறேன். அவங்க வர்ற வரைக்கும் இந்த வண்டிகிட்ட யாரும் போக மாட்டாங்க” என்றார். பிறகு, மகன் அங்கே இல்லாததுபோல் அவனைக் கடந்து உள்ளே போனார்.

* * *

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. புவனா சொல்லி முடிக்கும்வரை பிரீத்திகா குறுக்கே பேசவில்லை. போனில் நீல டிஸ்க்கின் படத்தைக் காட்டியபோது அதை வாங்கிப் பெரிதாக்கி, இடம் வலமாக நகர்த்தி நெடுநேரம் பார்த்தாள்.

“அப்போ என் காலு சரியாத்தான் மிதிச்சிருக்குதுங்களா?”

“ரொம்பச் சரியா மிதிச்சிருக்குது அம்மணி. அதனாலதான் டிஸ்க்கு இந்தப் பாடுபட்டிருக்குது.”

பிரீத்திகா அழுவாள் என்று மனோஜ் எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தான். அவள் அழவில்லை. “அந்த நாயி” என்றாள், சன்னமான அதே குரலில். பிறகு, “நர்ஸம்மாவக் கூப்புடுங்கக்கா. சக்கர நாற்காலி வேணும்” என்றாள்.

மேல்மாடி வராந்தாவில் பழனாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் திறந்து நாற்காலி வருவதைப் பார்த்தும் எழவில்லை. பிரீத்திகா அவள் முன்னால் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, தயாராக வைத்திருந்ததை வேகமாகச் சொன்னாள்: டிஸ்க் ஒன்று வேறாக இருந்தது, தன்னிடம் சொல்லவில்லை, போலீஸ் இப்போது ரித்விக்கைத்தான் விசாரிக்கிறது, தன்மேல் தவறில்லை.

பழனாத்தாள் சுளையின் நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“உம்மேல தப்புன்னு இங்க யாரு கண்ணு சொன்னா? வண்டி சுத்தறப்பவே பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சத அவரு கண்ணால பாத்திருக்காரு, அந்தப் புள்ள பிரேக்க மிதிச்சுட்டேதான் இருக்குதுன்னு. வக்கீலு, போலீசுன்னு யாராச்சும் வந்து எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம். ஒருத்தனும் மாடி ஏறல.”

புவனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் மாடி வரை அவளும் வந்திருந்தாள். மேலே ஏறவில்லை.

“கீழ் மாடியிலயே கெடந்துட்டு, இத்தன நாளா ஒரு எட்டு வந்து பாக்கலியே நீ. அதுக்குத்தான் எனக்குக் கோவம்” என்ற பழனாத்தாள், பாதிப் பழத்தைப் பிரீத்திகாவின் மடியில் வைத்தாள். “தின்னு. தின்னுபோட்டு உள்ள வா. அவரு முழிச்சுட்டுத்தான் இருக்காரு.”